லயத்து வீடும் சொந்த வீடும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இவ்விரு காரியங்களிலும் இறங்கியவனுக்கே அவற்றின் அருமையும் தொல்லையும் விளங்கும் என்பது அதன் கருத்து. ஆயின், இப்பழமொழி கட்டுவதோடு நின்றுவிடுகிறது. கட்டிய வீட்டை ஐம்பது ஆண்டு காத்துப் பார் என்று அது சொல்லவில்லை. தமிழகத்துச் சிற்றூரில் அதைச் சொல்லவேண்டிய தேவை இல்லாதிருந்திருக்கலாம். கூரைக்கு ஓலை மாற்றுவதும், சுவருக்கு மண் பூசுவதும், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் அங்கே தந்தை செய்யக் கண்டு மகன் கற்றுக்கொண்ட வேலைகள். கடல் கடந்து வந்து பேரா மாநிலத் தோட்டங்களில் குடியேறிய நம்மவரிடையே இவ்வழக்கம் இடையில் அறுந்தது. அஃது ஏன் அறுந்தது, அதன் விளைவு யாது, அதனை மீண்டும் எவ்வாறு தொடுப்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரவல் கூரை

பேராவுக்குத் தமிழர் பெருந்தொகையாக வந்தது தோட்டத் தொழிலால் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகள் பின்னாளில் இந்நாட்டின் முகத்தையே மாற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிகளின் வழியே ஆள் சேர்ப்பது ஓங்கியது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நீடித்தது.

வந்தவர்களுக்குத் தோட்ட நிர்வாகம் தந்த உறைவிடமே லயம். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே பலகைத் தடுப்பு. முன்புறம் ஒரு குறுகிய தாழ்வாரம். தொடக்கத்தில் அத்தாப்புக் கூரை, பின்னர்த் தகரக் கூரை. சில தோட்டங்களில் ஒரே சுவரின் இருபுறமும் அறைகளை அமைத்து, பின்வாசலும் காற்றோட்டமும் இல்லாதபடி முதுகோடு முதுகாகக் கட்டினர். தண்ணீருக்குப் பொதுக் குழாய். கழிப்பிடம் லயத்துக்கு அப்பால்.

இவ்வீட்டில் குடியிருந்தவன் அதற்கு வாடகை தரவில்லை. ஆனால் அவன் வேலை போன அன்றே வீடும் போயிற்று. வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. தகரம் ஒழுகினால் கிராணியிடம் முறையிட வேண்டும். கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். துரை மனம் வைத்தால் தோட்டத்துத் தச்சன் வருவான். பழுது பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையையும், அனுமதியற்ற கட்டுமானம் எழாமல் பார்த்துக்கொள்ளும் கடமையையும் முதலாளியின் மேல் சுமத்தியது. தொழிலாளியின் நலனுக்கு அஃது இன்றியமையாத விதியே. எனினும், மூன்று நான்கு தலைமுறைகள் தம் கூரையைத் தாமே செப்பனிடும் உரிமையும் பழக்கமும் இன்றி வாழ்ந்தன என்பதை மறத்தல் ஆகாது.

இதனால் நம்மவர் வீட்டின்மேல் அக்கறையற்றவர் என்று கூறுவது பெரும்பிழை. தமக்கு உரிமையில்லாத அந்த அறையின் வாசலையும் நம் பெண்கள் நாள்தோறும் தெளித்துக் கோலமிட்டனர். மண்தரையைச் சாணத்தால் மெழுகினர். லயத்தின் பின்னே கிடைத்த ஒரு சாண் நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தனர். பசு மாடு கட்டினர். தம் கைக்கு எட்டிய தூரம் வரை வீட்டைக் காத்தனர். கைக்கு எட்டாதவை கூரையும் சுவரும் கால்வாயும் பட்டாவுமே. சொந்த வீடு பெற்ற பிறகும் நாம் பெரிதும் தவறவிடுவன இந்நான்கே என்பது சிந்திக்கத்தக்கது.

கால்வாய் காத்த உயிர்

வீட்டுப் பராமரிப்பு அழகுக்காக அன்று, உயிருக்காகவே என்பதை நம் முன்னோர் கண்கூடாகக் கண்டனர். புதிய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாக மாய்த்தது. கொசுவே அக்காய்ச்சலைப் பரப்புகிறது என்பதை 1897-இல் இந்தியாவில் ரொனால்டு ராஸ் மெய்ப்பித்தார். அவ்வுண்மையை இம்மண்ணில் செயற்படுத்தியவர் மருத்துவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளான் நகரில் சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலைக் குறைத்த அவர், பின்னர்த் தோட்டங்கள் பக்கம் திரும்பினார். சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் தணிந்தது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் ஏறியது. காரணம் யாது? அங்கே நோய் பரப்பும் கொசு வேறு இனம்; வெயில் படும் தெளிந்த ஓடைநீரே அதற்கு உகந்த இடம். ஆகவே அங்கே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், தேங்கும் நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று.

இவ்வரலாறு வீட்டுக்காரனுக்குக் கூறும் பாடம் ஒன்றுண்டு. நீர் எங்கே நிற்கிறது, எவ்வாறு நிற்கிறது என்று பார்க்காமல் பொதுவாகத் துப்புரவு செய்வதால் பயனில்லை. இன்று மலேரியாவின் இடத்தை டெங்கி பிடித்துக்கொண்டது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. பூச்சட்டித் தட்டிலும், இலை அடைத்த கூரைப்பீலியிலும், மூடாத தொட்டியிலும் நிற்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிவருவது சோம்பலின்றிச் செய்ய வேண்டிய கடமை. தோட்டத்தில் எண்ணெய் தெளிக்க நிர்வாகத்தின் ஆள் வந்தான். சொந்த வீட்டில் அந்த ஆள் நாமே.

வேலியும் துண்டாடலும்

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு, முள்வேலி சூழப்பட்டன. வேரூன்றத் தொடங்கிய குடும்பங்கள் மீண்டும் பெயர்த்து நடப்பட்டன.

அடுத்த இடி தோட்டத் துண்டாடல். 1950-களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு மறுபடி விற்றனர். சிறு துண்டு வாங்கியவனுக்கு லயமும் தேவையில்லை, அதில் வாழ்ந்த தொழிலாளியும் தேவையில்லை. இதனைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றிய அவரது அறிக்கை பின்னர் வெளிவந்தது.

இவ்விடுக்கண் கண்டு எழுந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் அதனைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளரே தோட்டம் வாங்கலாம் என்று அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று எடுத்துரைத்தார். அந்நாளில் ஒரு பால்மரத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறு தொகை அன்று. எனினும் கொடுத்தனர். கெடா மாநிலத்து புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. சிறுகச் சேர்த்து நிலத்தை உடைமையாக்கிய அவ்வரலாற்றை, சொந்த வீட்டின் கூரையை மாற்றப் பணமில்லை என்று நாம் மலைக்கும்போது நினைவுகூர்தல் நலம்.

பட்டா கைக்கு வந்தது

தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் முகவரி என்னும் கட்டத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயருமே இருக்கும். வீட்டு எண் இராது. பின்னாளைய பதிவேடுகளில் தாமான், சாலை, வீட்டு எண் ஆகியவை மெல்ல மெல்ல இடம்பெறலாயின. ரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புக்கும் வழிவிட்ட காலம் அது. 1982-இல் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சேமநிதியையும் நகையையும் நம்பிக் கடன் வாங்கி, வரிசை வீடுகளில் நம்மவர் குடிபுகுந்தனர். தோட்டத்தைவிட்டு ஈப்போவை நோக்கி வந்தோரிற் சிலர், நிலக்கடலையும் முறுக்கும் விற்கும் குடும்பங்களால் பெயர்பெற்ற புந்தோங் போன்ற இடங்களில் தம் உறவினரை அண்டி வாழ்ந்தனர். சிலர் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்ற நிலத்தில் பலகை வீடு கட்டினர்.

ஆக, ஒரே தலைமுறையில் லயத்துக் குடியாளன் வீட்டுக்காரன் ஆனான். வங்கி அவனுக்குக் கடன் தவணையை விளக்கியது. வழக்கறிஞர் கையொப்பம் இடும் இடத்தைக் காட்டினார். வீட்டை எவ்வாறு காப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காக்கப்படாத வீடு என்னவாகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. பத்து காஜாவுக்கு அருகில், ரப்பரால் செல்வம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர் அதில் உழைத்தனர். முதல் உலகப்போரை ஒட்டிப் பரவிய நச்சுக்காய்ச்சலுக்கு அவர்களிற் பலர் இரையாயினர். அதனால் அவர்கள் வேண்டிக்கொண்டபடி அருகிலேயே மாரியம்மன் கோவில் கட்டித் தரப்பட்டது. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமல் கிடந்து காடு மண்டியது. நெடுங்காலத்துக்குப் பின்னரே செப்பனிடப்பட்டுச் சுற்றுலா இடமாயிற்று. கோவிலோ வழிபடுவோர் கைப்பட்டு நிலைத்தது. ஒரு கட்டடம் நெடிது நிற்பது அதற்குச் செலவிட்ட பொருளால் மட்டும் அன்று. அதனை நாடோறும் பார்க்கும் கண்ணாலும், தொடும் கையாலுமே என்பதற்கு இவ்விரண்டும் அருகருகே நின்று சான்று பகர்கின்றன.

வீட்டுக்காரன் செய்யவேண்டுவன

முதலாவது, காலம் அறிதல். தமிழகத்தில் பொங்கலுக்கு வெள்ளையடித்தனர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சுவர் உலர்ந்த பின் வருவது தை மாதம். ஆகவே அவ்வழக்கம் பொருத்தமாயிற்று. இங்கு வந்தபின் நாம் அதனைத் தீபாவளிக்கு மாற்றிக்கொண்டோம். தீபாவளி வருவதோ அக்டோபர், நவம்பர் மாதங்களில். கிந்தாப் பள்ளத்தாக்கில் மழை மிகுதியாகப் பெய்யும் காலம் அது. ஈரம் உறைந்த சுவரில் சாயம் பூசினால் அது சில மாதங்களிலேயே கொப்புளித்து உரியும். ஆண்டுதோறும் சாயத்துக்குச் செலவிடுவோர் பலர் இக்காரணத்தை அறியார். ஒப்பளவில் மழை குறைந்த ஜூன், ஜூலை மாதங்களில் கூரையைப் பார்த்து, சுவரைப் பூசி முடித்தால், தீபாவளிக்குத் துடைத்துத் தோரணம் கட்டினால் போதும்.

இரண்டாவது, கூரை. வீட்டின் பல நோய்கள் கூரையிலிருந்தே இறங்குகின்றன. தகரத்தில் துரு முதலில் பிடிப்பது ஆணியைச் சுற்றியும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலுமே. ஓட்டுக் கூரையாயின் நகர்ந்த ஓர் ஓட்டின் வழியே இறங்கும் நீர் மரச்சட்டத்தை மெல்ல மக்கச் செய்யும். மேற்கூரைப் பலகையில் பழுப்பு வட்டம் தோன்றினால் அதன்மேல் சாயம் பூசி மறைப்பது நோயைப் போர்வையால் மூடுவதை ஒக்கும். பழைய மலிவு விலை வீடுகள் சிலவற்றில் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகள் உள்ளன. அவற்றை உடைக்கவோ, சுரண்டவோ, துளையிடவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. மாற்ற வேண்டுமாயின் பயிற்சி பெற்றோரை அமர்த்துதல் வேண்டும்.

மூன்றாவது, சுவர். 1892-இல் ஈப்போவில் நிகழ்ந்த பெருந்தீ நகரின் பெரும்பகுதியை எரித்தது. அதன்பின் நகரம் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுந்தது. அக்காலக் கட்டடங்களின் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையே பூசினர். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே சிறை வைக்காது, வெளியே விடும். அத்தகைய பழஞ்சுவரின்மேல் சிமெண்டைக் கனமாகப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே அரித்துவிடும். பழைய வீடு வைத்திருப்போர் சுண்ணாம்பை இகழ்தல் கூடாது. புதுவீட்டுச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பு அஞ்சத்தக்கதன்று. சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்தோடும் வெடிப்பே கவனத்துக்குரியது. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். கோட்டைத் தாண்டி வெடிப்பு வளர்ந்தால் பொறியாளரை அழைக்க வேண்டும். கிந்தாவில் ஈயம் தோண்டிய நிலங்களில் எழுந்த தாமான்கள் பல. மணலும் சேறும் கலந்த அந்நிலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக அமுங்குவதில்லை. ஆதலின் இவ்வெச்சரிக்கை நமக்குச் சிறப்பாகப் பொருந்தும்.

நான்காவது, விரிவாக்கம். பிள்ளைகள் பெருகப் பெருகப் பின்கட்டை இழுத்துச் சமையலறையைப் பெரிதாக்குவது நம்மிடையே பரவிய வழக்கம். பழைய வீட்டின் அடித்தளம் பல ஆண்டுகளாக அமுங்கி அமைந்தது. புதியதோ இனித்தான் அமுங்கும். இரண்டையும் இறுக இணைத்துவிட்டால் இணைப்பில் வெடிப்பது உறுதி. எனவே நெகிழும் இணைப்பு வைத்துக் கட்டும் கொத்தனாரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி இத்தகைய மாற்றங்களுக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. ஈப்போவில் வாழ்வோர்க்கு மாநகர் மன்றமே அவ்வனுமதியை வழங்குவது. உரிமம் பெற்ற வீடமைப்பாளரிடம் புதுவீடு வாங்குவோர்க்கு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை குறைகளைச் செலவின்றித் திருத்தித் தரும் பொறுப்பு வீடமைப்பாளரைச் சார்ந்தது. அதற்கு முன்னரே சுவரை இடித்து மாற்றுவோர் அவ்வுரிமையைத் தாமே குலைத்துக்கொள்கின்றனர்.

ஐந்தாவது, கரையானும் மின்சாரமும். கரையான் மண்ணிலிருந்து ஈரத்தோடு ஏறுவது. சுவரில் அது எழுப்பும் மண்கோட்டைத் தட்டிவிட்டு அமைதி அடைதல் கூடாது. புற்று நிலத்தடியில் உயிரோடிருக்கும். பழைய பலகை, அட்டைப்பெட்டி, விறகு ஆகியவற்றைச் சுவரோடு சாய்த்து வைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். மின்பெட்டியில் உள்ள கசிவு துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது விழவில்லையாயின் அன்றே பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.

இவை அனைத்துக்கும் பொருள் வேண்டுமே எனலாம். பழுது வந்தபின் ஒரே தவணையில் செலவிட முயல்வதால்தான் அது மலையாகத் தெரிகிறது. நம் பாட்டனார் தோட்டம் வாங்க மாதம் பத்து வெள்ளி ஒதுக்கினார். நாமும் இன்றைய ஊதியத்துக்கேற்ற ஒரு சிறு தொகையை வீட்டுக்கென மாதந்தோறும் ஒதுக்கினால், பத்தாண்டில் கூரை மாற்றும் அளவுக்கு அது வளரும்.

பட்டாவும் ஒரு கூரை

தகரம் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். பட்டா ஒழுகுவது தெரியாது. கிராண்ட் என நாம் வழங்கும் நிலப்பட்டாவுக்குரிய நில வரியை ஆண்டுதோறும் மே 31-க்குள் செலுத்த வேண்டும். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலுவைக்கான கோரிக்கை அறிவிப்பு வந்து மூன்று மாதத்துக்குள்ளும் செலுத்தாவிடில் நிலத்தையே மாநில அரசு பறிமுதல் செய்ய இயலும். ஊராட்சி மன்றத்துக்குரிய மதிப்பீட்டு வரி வேறு. அஃது ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் செலுத்துதற்குரியது. ஒன்றைச் செலுத்திவிட்டு இரண்டும் முடிந்ததென எண்ணியிருப்போர் உளர்.

இன்னும் பெரிய ஒழுக்கு, இறந்தவர் பெயரிலேயே பட்டாவை விட்டுவைப்பது. தந்தை மறைந்து இருபது ஆண்டு கடந்தும் பெயர் மாற்றாத குடும்பங்கள் பல. உடன்பிறந்தோர் உயிரோடும் உறவோடும் இருக்கும்போது ஒரு கையொப்பத்தில் முடியும் காரியம், அவர்தம் பிள்ளைகள் காலத்தில் பதினைந்து பேர் கையொப்பமாகவும் வழக்காகவும் வளர்ந்துவிடும். சிறு சொத்துப் பங்கீட்டுக்கு 1955-ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்துள்ளது. மாவட்ட நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். குத்தகை நிலமாயின் அது முடியும் ஆண்டைப் பட்டாவில் பார்த்து, குடும்பத்தார் அனைவர்க்கும் சொல்லிவைத்தல் கடமை. தற்காலிக உரிம நிலத்தில் இருப்போர், அவ்வுரிமம் பட்டா ஆகாது என்பதையும், ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தவறினால் நிற்க இடமில்லை என்பதையும் உணர்தல் வேண்டும்.

லயத்துக் கூரையை இழக்க, துரையின் ஒரு சொல் போதுமானதாயிருந்தது. சொந்தக் கூரையை அவ்வாறு எவரும் பறிக்க இயலாது. நம் அசட்டையால் நாமே அதனை நழுவவிட்டால் அன்றி. ஆதலின் பிள்ளைகளுக்கு வீட்டை மட்டும் விட்டுச்செல்லாமல், அதனைக் காக்கும் பழக்கத்தையும் விட்டுச்செல்வோமாக. வரும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். பள்ளி செல்லும் மகனையும் மகளையும் உடன் அழைத்து வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரைப்பீலியில் இலை அடைத்திருப்பதையும், சுவரின் வெடிப்பையும், கால்வாய் எப்பக்கம் சாய்ந்தோடுகிறது என்பதையும் அவர்களுக்குக் காட்டுங்கள். பின்னர் உள்ளே வந்து, பட்டாவையும் அவ்வாண்டின் வரிச் சீட்டையும் எடுத்து, அவற்றில் எழுதியிருப்பதை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தந்தை செய்யக் கண்டு பிள்ளை கற்கும் அந்தப் பழைய பாடம் அன்று மீண்டும் தொடங்கும்.